அயற்கருவேலம்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு நாலாவது கால் பேருக்குத்தான். பெஞ்சில் உட்காருங்கள். தலைவர் வர நேரமாகும். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். "சித்தப்பா, சென்னையிலேர்ந்து ஒரு அம்மா வருவாக. நான் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருங்க. உங்களுக்குத்தான் பேசப் பிடிக்குமே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊராட்சித் தலைவர் வள்ளிமயில் என் அண்ணன் மகள். கூட்டம் நடக்கும்போது நான் 'அவர்' என்பேன், மற்ற நேரத்தில் 'அவள்' என்பேன். இலக்கணப்படி இரண்டும் சரி. ஒரு விஷயத்தை முழுதாக அறிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற பொறுப்பு அவளுக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அதனால்தான் உங்களை என்னிடம் விட்டிருக்கிறாள்.

என் பெயர் சேவுகமூர்த்தி. மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்தேன். பாடநூல், பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால், சம்பளம் இல்லாமல் திருத்துகிறேன். நான் பேசுவதை ஊரில் 'அச்சுத் தமிழ்' என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் கையில் இருக்கிற தாளைப் பார்க்கலாமா? 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு கொள்கையில் உள்ளூர் முடிவெடுத்தல்.' பாதுகாப்புக் கொள்கை. ஒரு 'க்' வேண்டும். நான் போட்டுவிட்டேன், வருத்தப்படாதீர்கள். கேள்வி நல்ல கேள்விதான். கொன்னைவயல் கண்மாய் மரங்களைப் பற்றிய முடிவை யார் எடுத்தார்கள்? ஊர்தான் எடுத்தது. ஆனால் ஊர் எடுத்த முடிவு என்று ஒன்று இருக்கிறது, ஊர் எழுதிய முடிவு என்று இன்னொன்று இருக்கிறது. எழுதியவன் நான். ஆகவே வேறு யாரிடம் கேட்டாலும் குறையாகத்தான் சொல்வார்கள். சிலர் கதையையே மாற்றிச் சொல்வார்கள்.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கண்மாய்க்குள், கரையை ஒட்டி, கருவேல மரங்கள் நிற்கின்றன. நாட்டு மரம். மழை பெய்து தண்ணீர் ஏறினால் பறவைகள் வந்து அதில் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம், இன்னும் எனக்குப் பெயர் தெரியாதவை. பெயர் தெரியாத பறவையைப் பற்றி நான் பேசுவதில்லை. அவற்றுக்காக ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் போய் வெடித்துவிட்டு வருவார்கள். பக்கத்து ஊர்ப் பறவைகள் பழகிக்கொண்டன.

இன்னொரு மரம் இருக்கிறது. நீங்கள் ரயிலில் வரும்போது இருபக்கமும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது, யாரும் நடாமலே முளைக்கும், தண்ணீரைக் குடிக்கும், கண்மாயையே மூடிவிடும். எங்கள் ஊரில் அதற்கு வேலிக்காத்தான் என்று பெயர். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களில் இருளாயி என்ற அம்மாள் முக்கியமானவர். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். படித்தார் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான்.

போன வருடம் காந்தி ஜெயந்திக் கிராமசபைக்கு முன்னால் மேலேயிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்த மேலே என்று கேட்காதீர்கள், எங்களுக்கு எல்லாமே மேலேதான். அதில் எழுதியிருந்தது இது. நீர்நிலைகளில் உள்ள சீமைக்கருவேல மரங்களைப் பற்றி அந்தந்த ஊர் மக்களே கூடிப் பேசிச் சுதந்திரமாக முடிவெடுக்கலாம். எடுக்க வேண்டிய முடிவு இணைக்கப்பட்டுள்ளது.

இணைப்பைப் பார்த்தோம். அகற்றுவது என்று ஒருமனதாக முடிவெடுத்திருந்தோம். ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஊராட்சிச் செயலர் அதை என்னிடம் கொண்டுவந்து, "அய்யா, உங்க கையெழுத்து நல்லா இருக்கும், அப்படியே பார்த்து எழுதிருங்க" என்றார். அப்படியே பார்த்து எழுதுவதற்கு நான் எதற்கு?

படித்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். சீமைக்கருவேலம். சீமை என்றால் என்ன அம்மா? நீங்கள் சென்னை, சீமை என்றால் வெள்ளைக்காரன் தேசம் என்பீர்கள். சீமெண்ணெய், சீமைப்பசு, சீமைத்துரை. சரி. ஆனால் இப்போது நீங்கள் உட்கார்ந்திருப்பது எந்த இடம்? சிவகங்கைச் சீமை. இங்கே சீமை என்றால் இந்த மண். "நம்ம சீமையில மழை எப்படி" என்றுதான் கேட்பார்கள். அப்படியிருக்க, சீமைக்கருவேலத்தை வெட்டு என்று நாமே எழுதினால், படிக்கிறவன் என்ன நினைப்பான்? இந்தச் சீமையின் கருவேலம் என்று நினைக்க மாட்டானா? இந்தச் சீமையின் கருவேலம் எது? கண்மாய்க்குள் நிற்பது. பறவை உட்காருவது. ஒரே ஒரு சொல்லால் அத்தனை கூடும் போயிருக்கும். எவ்வளவு பெரிய ஆபத்து பாருங்கள். யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

சீமையை அடித்தேன். அயல் என்று போட்டேன். அயல்நாடு என்பதில் வருகிற அயல். அயல், கருவேலம், இரண்டும் சேர்ந்தால் லகரம் றகரமாகத் திரியும். அயற்கருவேலம். சொல்லிப் பாருங்கள், நாக்கில் எப்படி உட்காருகிறது.

கிராமசபையில் நானே வாசித்தேன். வள்ளிமயில் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "சித்தப்பா, வேலிக்காத்தான்னே போட்டுருவமே. எல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

"தலைவர் அவர்களே, காத்தான் என்பது ஆள் பெயர். ஓர் ஆளை வேரோடு அகற்றச் சொல்லி ஊராட்சி தீர்மானம் போட முடியாது" என்றேன்.

பின்வரிசையில் காத்தான் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். "நல்லாச் சொன்னீக மாமா, என்னைய விட்டுருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வாதத்தின் வலிமைக்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இருளாயி அம்மாள் சண்டைக்கென்றே வந்திருந்தார். "வேலிக்காத்தானை எடுத்தா மூட்டம் போடுறவுக எங்கிட்டுப் போறது? அதைக் கேக்கத்தான் வந்தேன். முழுசா வாசிங்கண்ணே" என்றார். முழுசாக வாசித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அதுல வேலிக்காத்தான்னு எங்கயுமே வரலியே" என்றார். வராது என்றேன். "அப்பச் சரி" என்று முதல் ஆளாகக் கை தூக்கினார். "நம்ம அண்ணன் எழுதினா அம்சமாத்தான் இருக்கு" என்றுகூடச் சொன்னார். டீ வந்தது. ஒருமனதாக நிறைவேறியது.

இதுவரைக்கும் எந்தப் பிழையும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்மானம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. அங்கே யாரோ ஒருவர், பெயர் வேண்டாம், அயற்கருவேலம் என்பதைப் பார்த்து விழித்திருக்கிறார். பிறகு அயல் என்றால் பக்கம் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அயல்வீடு, அக்கம் பக்கம், அண்டை அயல். அந்தப் பொருளும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டாமா? பணி ஆணையில் என்ன எழுதினார் தெரியுமா? 'கண்மாயை ஒட்டியுள்ள கருவேல மரங்களை அகற்றுதல்.' பிழை என்னுடையது என்று இந்த ஊரில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் வீட்டில் அகராதி கிடையாது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்த கையோடு பொக்லைன் வந்து நின்றது. மரத்துக்கு மரம் வெள்ளைச் சுண்ணாம்பில் பெருக்கல் குறி. மேலே கூடு, கூட்டில் குஞ்சு. இந்தப் பக்கம் வேலிக்காத்தான் காடாக நிற்கிறது, அதில் ஒரு குறி இல்லை. ஓட்டுநர் சேலத்துக்காரர், நல்ல மனிதர். "ஏனுங்க, எனக்குக் காமிச்ச மரத்தை நான் சாய்க்கோணும். எனக்கென்னங்க தெரியும்" என்றார்.

வள்ளிமயில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. அந்த அதிகாரி மிகவும் நயமாகப் பேசினார். "மேடம், நாங்க மேலேருந்து எதையும் திணிக்கலை. உங்க ஊர் முடிவு. நீங்களே போட்ட தீர்மானம். ஒருமனதாப் போட்டிருக்கீங்க. மாத்தணும்னா உங்க கிராமசபைதான் மாத்தணும். அதிகாரம் இப்ப உங்க கையிலதான் இருக்கு."

அடுத்த கிராமசபை குடியரசு நாளன்று. பொக்லைன் நிற்பதோ இன்று. அதிகாரம் கையில் இருந்தும் இப்படி ஓர் இக்கட்டு. அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. "சித்தப்பா, அந்த டிரைவர்ட்ட அயல்னா என்னன்னு கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க. அவசரமே இல்ல, நல்லா விவரமா" என்றாள்.

என் வாழ்நாளில் அவ்வளவு சரியான வேண்டுகோளை யாரும் என்னிடம் வைத்ததில்லை.

ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொன்னேன். நிழலில் உட்கார வைத்தேன். அயல் என்ற சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்கினேன். அயலார், அயலான், அயல்மொழி, அயல்நாடு. பக்கத்தில் இருப்பதும் அயல், நம்முடையது அல்லாததும் அயல். பக்கத்து வீட்டுக்காரன் நமக்கு ஆகாதவனாக இருப்பது மொழி தோன்றிய காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று ஒரு கருத்தையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் எழுந்திருக்கப் பார்த்தார். லகரத் திரிபு இன்னும் பாக்கி இருக்கிறது என்று உட்கார வைத்தேன். இருளாயியும் இன்னும் சில பெண்களும் வண்டியைச் சுற்றி நடமாடிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு இயந்திரங்களில் அவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

விளக்கம் முடிந்து ஓட்டுநர் வண்டியில் ஏறினால் சாவியைக் காணோம். கீழே விழுந்திருக்கும் என்று தேடினார். எனக்குத் தேடிப் பழக்கமில்லை, ஆகவே றகரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். இருளாயி மட்டும் தேட வரவில்லை. மரத்தடியில் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்று வலி என்று நினைக்கிறேன். "அண்ணே, நல்லாச் சொல்றீக, இன்னும் சொல்லுங்க" என்று அந்த வலியிலும் என்னை ஊக்கப்படுத்தினார்.

மாற்றுச் சாவி சேலத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். வரும்வரை ஓட்டுநர் ஊரில் தங்கினார். ஒரு நாள் இந்த வீட்டில் கோழி, ஒரு நாள் அந்த வீட்டில் மீன். சாவியைப் பற்றி அவருக்கே அக்கறை குறைந்துவிட்டது. "உங்கூர்ல சோறு நல்லாருக்குதுங்க, அந்த வாத்தியாரைத்தான் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்று வள்ளிமயிலிடம் சொன்னாராம். எந்த வாத்தியாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. எது எப்படியோ, இயந்திரம் மரத்தைத் தொடாமல் நின்றது. ஒரு சொல்லைச் சரியாக விளக்கினால் பொக்லைனும் நிற்கும் என்பதை அன்று ஊரே பார்த்தது.

குடியரசு நாள் வந்தது. கிராமசபைக்கு அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. ஓட்டுநர்கூட ஓரமாக வந்து உட்கார்ந்திருந்தார். பேசினார்கள் அம்மா, அப்படிப் பேசினார்கள். வயல்காரர்கள் வேலிக்காத்தானைப் பூராவும் தோண்டி எடுக்க வேண்டும் என்றார்கள். இருளாயி விடவில்லை.

"பூராவும் எடுத்துட்டு எங்களுக்கு என்ன, நாரையைச் சுட்டா கரியாக்குறது?" என்றார்.

"உனக்குக் கரி வேணும்னு அந்த மரத்தை ஊருத் தண்ணியைக் குடிக்க விட முடியுமா ஆயி?" என்றார் காத்தான்.

"பேரைப் பாரு, காத்தானாம். நீ பேசாத. அண்ணன் சொன்ன மாதிரி உன்னையத்தான் மொதல்ல எடுக்கணும்."

கடைசியில் வள்ளிமயில்தான் பஞ்சாயத்துப் பண்ணினார். கண்மாய்க்குள் இருப்பதை எடுப்பது, கண்மாய்க்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பதை மூட்டக்காரர்களுக்கு விடுவது. எப்போது எடுப்பது? தேதி சொல்லச் சொன்னார் செயலர். குஞ்சு பறந்த பிறகு என்றார்கள். அது எந்தத் தேதி என்றார் செயலர். அதைக் குஞ்சுகிட்டத்தான் கேக்கணும் என்றார்கள்.

"சித்தப்பா, நீங்களே எழுதுங்க. ஆனா நாங்க சொல்றதை மட்டும் எழுதுங்க" என்றார் தலைவர்.

எழுதினேன். எனக்கு அது மனப்பாடம். 'கண்மாய்க்குள்ள நிக்கிற வேலிக்காத்தானை குஞ்சு பறந்த பெறகு எடுக்கணும். பறவை உக்கார்ற மரத்தில யாரும் கை வைக்கக் கூடாது. ஓடைக்கு அங்கிட்டு நிக்கிறது மூட்டக்காரவுகளுக்கு.' வேலிக்காத்தானைக் குஞ்சு. அங்கே ஒரு 'க்' வர வேண்டும். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும், சின்னப் பிள்ளைக்குத் தெரியும். என் கை தானாகவே அந்த இடத்துக்குத் திரும்பியது.

"அண்ணே, கை எங்கிட்டுப் போகுது?" என்றார் இருளாயி.

ஊரே என் கையைப் பார்த்தது. அதோடு விட்டார்களா? இன்னொரு தீர்மானத்தையும் போட்டார்கள். கிராமசபையில் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், எழுதிய பிறகு ஊரில் யாரும் அதில் ஒரு புள்ளிகூடத் திருத்தக் கூடாது. யாரையும் பெயர் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொன்னார்கள். அதையும் என் கையாலேயே எழுத வைத்தார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் என்னிடம் கொடுப்பார்களா?

மறுநாள் சாவி கிடைத்துவிட்டது. இந்த அலுவலகத்து மேசை இழுப்பறையிலேயே இருந்ததாம். பொக்லைன் போய்விட்டது. மரம் நிற்கிறது, குஞ்சு நிற்கிறது.

நீங்கள் வந்ததே அதற்குத்தான், தெரியும். எங்கள் தீர்மானம் மேலே போய், அங்கே அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. உள்ளூர் முடிவெடுத்தலுக்கு முன்மாதிரி என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மார்ச்சு மாதக் கிராமசபைக்கு மறுபடி ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா ஊர்களும் கொன்னைவயலைப் பின்பற்றித் தாங்களே முடிவெடுக்க வேண்டும். முடிவு இணைப்பில். நாங்களும் ஓர் ஊர்தானே, எங்களுக்கும் வந்தது. செயலர் வெற்றிடத்தை நிரப்பி வாசித்தார். 'கொன்னைவயல் ஊராட்சியின் முன்மாதிரியைப் பின்பற்றி, கொன்னைவயல் ஊராட்சியானது, நீர்நிலைகளிலும் அவற்றைச் சுற்றியும் உள்ள சீமைக்கருவேல மரங்களை மார்ச்சுத் திங்கள் முடிவதற்குள் முற்றிலுமாக அகற்றிடவும், பறவைகளின் நலனைப் பேணிடவும் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.'

பிறகு இருளாயி எழுந்தார். "இது எந்த ஊருக்காரவுக எழுதினது? அவுக கண்மாயில பறவை இல்ல போல. குஞ்சு இன்னும் கூட்டுலதான் இருக்கு. ஓடைக்கு அங்கிட்டு உள்ளதையும் சேத்து எடுக்கச் சொல்லுது."

"கொன்னைவயல்னுதான் போட்டிருக்கு ஆயி" என்றார் தலைவர்.

"அப்ப வேற கொன்னைவயலா இருக்கும்."

சீமை என்றால் எந்தச் சீமை என்று காத்தான் கேட்டார். பாருங்கள், என் கல்வி எங்கெல்லாம் பரவியிருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். அத்தனை கையும் மேலே போனது. ஒரு சம்பிரதாயத்துக்கு, வேண்டும் என்பவர்கள் உண்டா என்றும் கேட்டார்.

நான் தூக்கினேன்.

சிரிக்காதீர்கள். அந்தத் தாளை நான் கையில் வாங்கிப் பார்த்தேன் அம்மா. ஓர் ஒற்றுப்பிழை இல்லை. முற்றுப்புள்ளி அதன் இடத்தில், காற்புள்ளி அதன் இடத்தில். மேலேயிருந்து அப்படி ஒரு தாள் வருவதற்கு எவ்வளவு காலம் காத்திருந்தேன். அதற்கு ஒரு கைகூட உயராமல் போனால் எழுதியவர் மனம் என்ன பாடுபடும்? மரங்களுக்கு ஆபத்தே இல்லை, ஒரு கைதானே. வள்ளிமயில் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் நடக்கும்போதுதான், ஆனாலும் இந்த இடத்தில் 'மூடிக்கொண்டாள்' என்றுதான் வருகிறது.

அதைச் செயலர் பதிவேட்டில் ஏற்றினார். அதோ, அந்த அலமாரியில் மேல்தட்டில் சிவப்பு அட்டை. எடுத்துப் பாருங்கள், பரவாயில்லை. கடைசி வரி. 'சேவுகமூர்த்தி நீங்களாக அனைவரும் நிராகரித்தனர்.' பார்த்தீர்களா? நீங்கலாக. தவிர்த்து என்ற பொருள். லகரம் வர வேண்டும். இந்தப் பிள்ளை ளகரம் போட்டு வைத்திருக்கிறது. என் பெயருக்குப் பக்கத்திலேயே. நிரந்தரப் பதிவேடு அம்மா, இது எனக்குப் பின்னாலும் இருக்கும்.

என்னால் தொட முடியாது. தீர்மானம் இருக்கிறது, என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஊரில் யாரும் திருத்தக் கூடாது என்பதுதான் அதன் வாசகம். ஊரில் யாரும். நான் அதைப் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். வெளியூர்க்காரரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் மேலேயிருந்து வந்திருக்கிறீர்கள். நீங்கள் ஒரு கோடு போட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஒரே ஓர் எழுத்துதான். தலைவர் வருவதற்குள். இந்தாருங்கள் பேனா.